சேற்றில் வழுக்கும் பழைய டிராக்டர்: டயரா, எடையா, பழுதுபார்ப்பா?

பழைய சிறிய டிராக்டருக்கு எந்த டயர் போடலாம் என்று கேட்பவர்களுக்கு நான் உடனே பதில் சொல்வதில்லை. திருப்பி ஒன்று கேட்பேன்: டிஃப்-லாக் (இரண்டு பின் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் பெடல்) வேலை செய்கிறதா? பலருக்குத் தெரியாது. அந்தப் பெடல் எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்களும் உண்டு. இருக்கைக்கு அடியில், குதிகால் படும் இடத்தில், பத்து வருடச் சேற்றுக்குள் அது புதைந்து கிடக்கும்.

மலேசியாவில், பினாங்கின் நிபோங் திபால் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி ஆகஸ்டு மாதத்தில்தான் வரும். குலை அதிகமாக விழும் பருவமும் பினாங்கில் மழை கொட்டும் செப்டம்பர், அக்டோபரும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். வெட்டிய குலை ஒரு நாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் எண்ணெயின் தரம் கெடும். அந்த நேரத்தில் டிராக்டர் பாத்தியோரம் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தால், முதலில் நினைவுக்கு வருவது டயர் கடைதான். பெரும்பாலும் கடைசியாகப் போக வேண்டிய இடமும் அதுதான்.

நான் சொல்வது ஜப்பானிலிருந்து பழையதாக இறக்கப்பட்ட, இருபது குதிரைத்திறன் அளவிலான, முப்பது நாற்பது வயதான வண்டிகளைப் பற்றி. செபராங் பிறையில் இப்படிப்பட்டவை இன்னும் நிறைய ஓடுகின்றன. புதிய வண்டி வாங்க வசதி உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

## எதை வைத்து எடைபோடுவது?

மண். மற்ற எல்லாவற்றையும் இதுதான் தீர்மானிக்கிறது. நிபோங் திபால், பத்து காவான், பெனாகா போன்ற கடலோரப் பகுதிகளில் கனத்த வண்டல் களிமண். ஒரு காலத்தில் கரும்புக்காக வாய்க்கால் வெட்டி வடித்த நிலங்கள். பிறகு ரப்பர், பிறகு செம்பனை. காய்ந்தால் கல், நனைந்தால் சவர்க்காரம். புக்கிட் மெர்தாஜாம் மேட்டுப் பக்கம் சரளை கலந்த செம்மண். பாலிக் பூலாவில் சரிவு. ஒரு மண்ணில் பலித்த வைத்தியம் இன்னொன்றில் வண்டியைப் புதைத்துவிடும்.

கியர்ப்பெட்டியின் ஆயுள். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சக்கரம் வழுக்குவது எரிச்சலூட்டும்தான். ஆனால் பழைய வண்டிக்கு அது ஒரு ஃபியூஸ். இழுக்க முடியாத சுமை வரும்போது டயர் வழுக்கிக்கொடுக்கிறது, உள்ளே இருக்கும் பல்சக்கரம் தப்பிக்கிறது. டயரை வழுக்கவிடாமல் செய்தால் அந்தச் சுமை கிளட்சுக்கும் பினியனுக்கும் ஆக்சிலுக்கும் போகும்.

தார் சாலை. தோட்டத்துக்கும் குலை எடை போடும் இடத்துக்கும் நடுவில் சாலை உண்டா, எத்தனை தூரம்?

முழுச் செலவு. கடைக்காரர் சொல்லும் விலையோடு டியூப், பொருத்துக் கூலி, வண்டி நிற்கும் நாட்கள் எல்லாம் சேர்ந்ததுதான் செலவு. திரும்பக் கழற்றிப் பழைய நிலைக்கு வர முடியுமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## வாங்கும் முன் அளந்து பாருங்கள்

ஒரு சாக்குக்கட்டியும் அளவு நாடாவும் போதும். பின் டயரின் பக்கவாட்டில் ஒரு கோடு போடுங்கள். சுமையில்லாமல் அதே மண்ணில் ஓட்டி, டயர் பத்து முறை சுற்றும்போது வண்டி எத்தனை மீட்டர் போகிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு வழக்கமான சுமையோடு அதே பத்துச் சுற்று. முதலில் 32 மீட்டர், சுமையோடு 24 மீட்டர் என்றால் வழுக்கல் 25 விழுக்காடு. எரித்த டீசலில் கால் பங்கு சேற்றைக் கலக்கப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மண் வேலையில் 10 முதல் 15 விழுக்காடு வழுக்கல் இருப்பது இயல்பு. நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிக்கு இன்னும் சற்றுக் குறைவு. வழுக்கலே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். தேவைக்கு மேல் எடையைச் சுமந்துகொண்டு கியர்ப்பெட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அளந்த எண் 15-க்குள் இருந்தால் காசைப் பையிலேயே வைத்துக்கொண்டு, பாதையில் வெட்டிய ஓலையைக் குறுக்காகப் பரப்பிவிடுங்கள். அறுவடைப் பாதைக்கு அதைவிட மலிவான டயர் இல்லை.

## வழி ஒன்று: இருப்பதைப் பழுதுபார்ப்பது

டிஃபரென்ஷியலின் குணம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: இரண்டு பின் சக்கரங்களில் எது சுலபமாகச் சுற்றுமோ அதற்கு வேகத்தைக் கொடுத்துவிடும். ஒரு சக்கரம் சேற்றில் சுழல, மற்றது கெட்டியான தரையில் சும்மா நிற்கும். டிஃப்-லாக் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. அது செத்துப்போன வண்டிக்கு எத்தனை நல்ல டயர் போட்டாலும் ஒரு சக்கரத்து வண்டிதான்.

சோதிப்பது எளிது. இன்ஜினை நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, பின்பக்கத்தை உறுதியான தாங்கிகளில் தூக்கி நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றும். இப்போது பெடலை மிதித்துச் சுற்றுங்கள். இரண்டும் ஒரே திசையில் போனால் லாக் நலம். இல்லையென்றால் பெரும்பாலும் வெளியே இருக்கும் இணைப்புக் கம்பி துருவேறி இறுகியிருக்கும், அல்லது உள்ளே தள்ளும் கவை தேய்ந்திருக்கும். முதலாவதைக் கிரீஸும் சுத்தியும் சரிசெய்யும். இரண்டாவதுக்குப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி என்றால் (குபோட்டாவில் மாடல் எண்ணுக்குப் பின்னால் டி.டி. என்று இருக்கும்) இன்னொரு சோதனை. இன்ஜின் நிற்க, கியரையும் முன் இயக்க நெம்புகோலையும் போட்டுவிட்டு, ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். அது கையால் தாராளமாகச் சுற்றினால் முன் ஆக்சிலுக்குச் சக்தி போகவில்லை. நான்கு சக்கரம் என்று நம்பி வருடக்கணக்கில் இரண்டு சக்கரத்தில் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். ஒருவர் கண்ணாடியில் தினமும் தெரிகிறார்.

காற்றழுத்தமும் இங்கேதான் சேரும். லோரிக்கு அடிப்பதுபோல் கல்லாக அடித்து வைத்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் மண்ணைத் தொடும். பழைய வகைக் குறுக்கு நூல் டயருக்கு, தோட்டத்துக்குள் மட்டும் ஓடினால், 12 முதல் 16 பி.எஸ்.ஐ. போதுமானது. அதற்குக் கீழே இறக்கினால் ரிம்முக்குள் டயர் நழுவி டியூப்பின் வால்வை அறுத்துவிடும். பாரமான டிரெய்லரோடு சாலையில் போவதாக இருந்தால் டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவை மதித்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

டயர் தலைகீழாக மாட்டப்பட்டிருப்பதும் நடக்கிறது. சக்கர அகலத்தைக் கூட்ட, இடத்தையும் வலத்தையும் மாற்றாமல், அதே பக்கத்திலேயே சக்கரத்தை உள்வெளியாகத் திருப்பிப் போடுவார்கள். டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளின் வி வடிவம் பின்னோக்கித் திரும்பிவிடும். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால், டயரின் மேல்பக்கத்தில் வியின் கூர்முனை முன்னோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் முனை முதலில் மண்ணில் இறங்கி, சேறு இரண்டு பக்கமும் வழிந்து போகும்.

### உதிரிப்பாகம்: அசலா, மாற்றா, கழற்றியதா?

இங்கே ஒரு தொல்லை உண்டு. ஜப்பான் உள்நாட்டுக்குத் தயாரான மாடல்களின் எண் வேறு, ஏற்றுமதி மாடல்களின் எண் வேறு. உள்ளூர் விற்பனையாளரின் பாகப் பட்டியலில் உங்கள் வண்டி இல்லாமலே இருக்கலாம். மாடல் பெயரை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுக்காதீர்கள். வண்டியின் தகட்டைப் புகைப்படம் எடுத்து, பழைய பாகத்தையும் கையில் கொண்டுபோங்கள்.

பேரிங், ஆயில் சீல் இரண்டுக்கும் டிராக்டர் கடைக்குப் போகவே தேவையில்லை. பேரிங்கின் விளிம்பில் எண் பொறித்திருக்கும். 6206 என்றால் உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, தடிமன் 16 மில்லிமீட்டர். உலகத்தில் எங்கே வாங்கினாலும் அதே அளவு. ஆயில் சீலிலும் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் என்று மூன்று எண்கள் இருக்கும். பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் தொழிற்பேட்டைகளில் பேரிங் விற்கும் கடையில் எண்ணைச் சொன்னால் போதும். எந்த வண்டிக்கு என்று அவர்கள் கேட்கக்கூட மாட்டார்கள்.

கிளட்ச் தட்டு, பிரேக் லைனிங் போன்றவற்றுக்கு நல்ல மாற்றுத் தயாரிப்பு போதும். தேய்வதற்கென்றே பிறந்தவை அவை. பல்சக்கரங்களுக்கு மட்டும் நான் மலிவான மாற்றை வாங்குவதில்லை. அசல் கிடைக்கவில்லையென்றால், அதே மாடல் வண்டியிலிருந்து கழற்றியதை, பற்களை விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்குவேன். கிரவுனும் பினியனும் (பின்னச்சைச் சுற்றும் பெரிய, சிறிய பல்சக்கரங்கள்) ஜோடியாகத்தான் வர வேண்டும்; ஒன்று பழையது, ஒன்று புதியது என்று சேர்த்தால் ஊளையிட்டுக்கொண்டே ஒன்றையொன்று தின்றுவிடும்.

மறைந்திருக்கும் செலவு: பெட்டியைத் திறந்தால் எண்ணெய் முழுவதும் மாற்ற வேண்டும். பல பழைய வண்டிகளில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய், அளவும் கணிசம். வெளியே வரும் எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சீல் எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்காமல் மூடாதீர்கள்.

## வழி இரண்டு: எடை ஏற்றுவது

கெட்டியான தரையில் இழுவை என்பது ஓட்டும் சக்கரத்தின் மேல் இருக்கும் எடையைப் பொறுத்தது. அதனால் எடை கூட்டுவது சரியான யோசனைதான், சரியான தரையில்.

டயருக்குள் தண்ணீர் மிக மலிவு. குளிர்நாட்டுக் கையேடுகளைப் படித்துவிட்டுக் கால்சியம் குளோரைடு எங்கே கிடைக்கும் என்று தேடியவர்கள் உண்டு. அங்கே தண்ணீர் உறைந்துவிடும் என்பதற்காக அதைக் கலக்கிறார்கள். அந்த உப்பு ரிம்மைத் தின்றுவிடும். பினாங்கில் உறைபனிக்குப் பயப்பட வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீரே போதும். வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, வால்வு மட்டம் வரை நிரப்பினால் முக்கால் பங்கு வரும். 9.5-24 அளவு (9.5 அங்குல அகலம், 24 அங்குல ரிம்) டயரில் ஏறத்தாழ 80 லிட்டர், 11.2-24 அளவில் 110 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. பின்னச்சில் 600 கிலோ இருக்கும் வண்டிக்கு இரண்டு 9.5 டயரிலும் சேர்த்து 160 கிலோ என்றால், நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. இந்த எடையைத் தரையே தாங்கிக்கொள்கிறது. ஆக்சில் பேரிங்குகள் சுமப்பதில்லை. டியூப்பில் காற்றும் தண்ணீரும் போகக்கூடிய வால்வு இருக்க வேண்டும்.

மறைவான செலவு பஞ்சர் ஆகும் நாளில் தெரியும். தண்ணீர் நிறைந்த டயரைத் தனியாளாகக் கழற்ற நினைக்காதீர்கள். சாய்ந்தால் காலை முறித்துவிடும். ஒட்டுப் போடுபவரும் முகத்தைச் சுளிப்பார்.

இரும்பு எடைகள் சக்கரத்தில் போல்ட் போட்டு மாட்டுவது. விலை அதிகம், ஆனால் கழற்றிவிடலாம். பழைய இரும்புக் கடையில் வேறு வண்டியின் எடை கிடைத்தால் போல்ட் துளை பொருந்துமா என்று அளந்து பார்த்து வாங்கலாம்.

கான்கிரீட் பெட்டி மூன்று புள்ளி இணைப்பில் (பின்னால் கருவி மாட்டும் கைகளில்) தொங்குவது. 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டிக் கான்கிரீட் நிரப்பினால் 240 கிலோ வரும். பின்னச்சுக்கு அப்பால் தொங்குவதால் முன்பக்க எடையையும் பின்னால் இழுத்துப் போடும். முன் தூக்கி மாட்டிய வண்டிக்கு அருமை. ஆனால் டிரெய்லர் இழுப்பவருக்கு அது இடைஞ்சல். இரண்டுக்கும் இருப்பது ஒரே பின்பக்கம். டிரெய்லர்காரர்களுக்கு இலவச எடை ஒன்று இருக்கிறது: ஓரச்சு டிரெய்லரில் குலைகளைச் சற்று முன்தள்ளி அடுக்குங்கள். இருபது கிலோக் குலை ஐம்பது சேர்ந்தால் ஒரு டன். அதில் ஒரு சிறு பங்கு கொக்கியின் மேல் இறங்கினாலே பின் சக்கரம் பிடிக்கும். முன் சக்கரம் லேசாவது தெரிந்தால் உடனே குறையுங்கள்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு செப்டம்பரில் இரண்டு பின் டயரிலும் தண்ணீர் நிரப்பினேன். வண்டி எருமை மாதிரி இழுத்தது. முன்பு இரண்டு நடையாகக் கொண்டுவந்ததை ஒரே நடையில் ஏற்றினேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, வண்டி வழுக்குவது அதன் வாய், வாயைக் கட்டிவிட்டீர்கள்" என்றார். எனக்குப் புரியவில்லை, சிரித்தேன். அக்டோபரில் வாய்க்கால் கரையிலிருந்து முழுச் சுமையோடு ஏறும்போது, கிளட்சைச் சட்டென்று விட்டேன். முன்பென்றால் டயர் அரைச் சுற்று வழுக்கியிருக்கும். அன்றைக்கு வழுக்கவில்லை. இருக்கைக்கு அடியில் "டொக்" என்று ஒரே ஒரு சத்தம். பினியனில் இரண்டு பற்கள் போய்விட்டன. வண்டியின் மேல் பழி சொல்ல மாட்டேன். அதன் சக்திக்கு மேல் ஏற்றியது நான், கிளட்சை விட்ட கால் என் கால். ஜோடி தேடி, திறந்து, மூட இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் கைவண்டியில் குலை தள்ளினோம்.

அதற்குப் பிறகு தண்ணீரை எடுத்துவிடவில்லை. சுமையைப் பழைய அளவுக்கு இறக்கினேன். எடை ஏற்றுவது வழுக்காமல் இருப்பதற்கு. கூடுதலாகச் சுமப்பதற்கு அல்ல.

எடை எங்கே கூடவே கூடாது என்றால், நெல் வயலிலும் ஊறிய களியிலும். அங்கே எடை கூடக்கூட டயர் புதையும். செம்பனைத் தோட்டத்திலும் ஆழமாகச் சக்கரத்தடம் விழுந்தால் மரத்துக்கு உணவு எடுக்கும் மெல்லிய வேர்கள் அறுபடும். அவற்றில் பெரும்பாலானவை மேல் ஓரடி மண்ணுக்குள்தான் இருக்கின்றன.

## வழி மூன்று: டயர் மாற்றுவது

இப்போது டயருக்கு வருவோம். கெட்டித் தரையிலும் காய்ந்த செம்மண்ணிலும் தேய்ந்த டயர் புதியதற்குச் சளைத்ததில்லை. ரப்பர் அதிகமாகத் தரையைத் தொடுவதால் சில நேரம் நன்றாகவே இழுக்கும். கட்டைகளின் உயரம் தேவைப்படுவது சேற்றுக்கு. ஆகவே மேட்டுநிலத்துக்காரர்கள் டயர் தேய்ந்துவிட்டதே என்பதற்காக மட்டும் ஓட வேண்டியதில்லை. பக்கவாட்டில் நூல் தெரியும்படி வெடித்திருந்தால் அது வேறு கதை.

வகைகளில் ஆர்-1 சாதாரண வயல் டயர். ஆர்-2 நெல்லுக்கும் கரும்புக்கும் ஆனது. கட்டை ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆழம். ஆர்-4 கட்டுமான வேலை வண்டிகளுக்கு. அகலமான கட்டை, கனத்த பக்கச்சுவர், சாலையில் நீடிக்கும், சேற்றில் சீக்கிரம் அடைத்துக்கொண்டு வழவழப்பாகிவிடும். ஆர்-3 புல்தரைக்கு, ஜப்பானில் புல்வெளி பராமரித்த வண்டி அதோடே வந்து இறங்கியிருந்தால் கழற்றுங்கள்.

நிபோங் திபால் களிமண்ணுக்கு ஆர்-2 என்று தோன்றும். நான் தயங்குவேன். சேற்றில் அதற்கு நிகரில்லை, ஆனால் உயரமான கட்டைகள் சாலையில் வளைந்து வேகமாகத் தேயும், வண்டி அதிரும். சாலையே தொடாத வண்டிக்குத்தான் அது. பாதி நாள் தோட்டம், பாதி நாள் சாலை என்றால் ஆர்-1 போதும்.

அளவை மாற்றும் ஆசைதான் பெரிய பொறி. 9.5-24 கிடைக்கவில்லை, 11.2-24 இருக்கிறது, ரிம் விட்டம் ஒன்றுதானே என்பார்கள். டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ இரண்டு அங்குலம் கூடிவிடும். இரண்டு சக்கர இயக்க வண்டியில், ரிம் அகலமும் மட்கார்டு இடைவெளியும் ஒத்துவந்தால், சமாளிக்கலாம்; ஒவ்வொரு கியரிலும் சற்று வேகமாகப் போகும், அவ்வளவுக்கு இழுவை குறையும். நான்கு சக்கர இயக்கத்தில் இது கொலை. முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட ஓரிரு விழுக்காடு முந்தி ஓடும்படிதான் கியர் விகிதம் அமைந்திருக்கிறது. பின்னால் மட்டும் பெரிய டயர் போட்டால், பின் சக்கரம் முன் சக்கரத்தைத் தள்ள ஆரம்பிக்கும். இரண்டும் பெட்டிக்குள் மல்லுக்கட்டும். முன் ஆக்சிலின் கூம்புப் பல்சக்கரங்கள் சாவது இப்படித்தான். பின்னால் புதியது போட்டு முன்னால் மொட்டையை விட்டாலும் ஓரளவு இதே சண்டைதான். ஆகவே நான்கு சக்கர வண்டிக்கு டயர் என்றால் நான்கு டயர் விலை என்று கணக்குப் போடுங்கள். இதுதான் மறைந்திருக்கும் மிகப் பெரிய செலவு.

அளவில் நடுக்கோடு இருந்தால் (9.5-24) குறுக்கு நூல் டயர், அந்த இடத்தில் ஆர் என்ற எழுத்து இருந்தால் ரேடியல். ரேடியலின் தடம் நீளம், பிடிப்பு அதிகம். ஆனால் இந்தச் சிறிய அளவுகளுக்கு விலையைப் பார்த்தால் வண்டியின் விலையே நினைவுக்கு வரும்.

பழைய டயர் வாங்குகிறவர்கள் கட்டையை மட்டும் பார்க்கிறார்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. கட்டை நிறைய, வயதும் நிறைய என்றால் ரப்பர் இறுகி, நனைந்த வேரின் மேல் கண்ணாடிபோல் வழுக்கும். தேய்ந்த டயரைச் சூடான கத்தியால் கீறிக் கட்டையை ஆழமாக்கித் தருவதும் உண்டு. உள்ளே நூல் வெளிப்பட்டால் தண்ணீர் இறங்கி அழுகும். ஒரு பருவத்தை ஓட்ட மட்டும் என்றால் பரவாயில்லை.

ரப்பர் பால் வெட்டி வளர்ந்த குடும்பத்தில் பிறந்தவன், ஒரு ஜோடி டயருக்காகப் பட்டர்வொர்த்துக்கும் சுங்கை பட்டாணிக்கும் அலைந்தேன் என்று சொன்னால் என் தாத்தா சிரிப்பார்.

## வழி நான்கு: சங்கிலி, கூண்டுச் சக்கரம்

டயர்ச் சங்கிலி ஈரச் சரிவிலும் சேற்றிலும் உடனடிப் பலன் தரும். மாட்டக் கழற்ற நேரம் ஆகும், தார் சாலையை உரிக்கும், தளர்ந்திருந்தால் மட்கார்டை அடித்து நசுக்கும். வருடத்துக்கு நான்கைந்து வாரம் மட்டும் தொல்லை என்றால் புதிய டயரைவிட இது புத்திசாலித்தனம்.

கூண்டுச் சக்கரம் நெல் வயலுக்கு. டயருக்குப் பக்கத்தில் மாட்டும் அந்த இரும்புக் கூண்டு வண்டியை மிதக்கவைத்துச் சேற்றையும் குழப்பிவிடும். செம்பனைப் பாதையில் அது தேவையில்லை, பாதையை உழுதுவிடும். சாலையில் ஓட்டக்கூடாது என்பதால் வயலுக்குக் கொண்டுபோக லோரி வேண்டும், அல்லது வரப்பில் உட்கார்ந்து மாட்ட வேண்டும்.

## வழி ஐந்து: வண்டியையே மாற்றுவது

பெட்டியில் ஏற்கெனவே சத்தம், கிளட்ச் வழுக்கல், டயரும் மொட்டை என்று மூன்றும் ஒன்றாக இருந்தால், நான்கு சக்கர இயக்கம் உள்ள இன்னொரு பழைய ஜப்பான் வண்டியை விலை கேட்டுப் பாருங்கள். மணி காட்டும் மீட்டரை நம்ப வேண்டாம். பெடல்களின் தேய்மானம் பொய் சொல்லாது. மேலே சொன்ன இரண்டு சோதனைகளையும் விற்பவர் முன்னிலையிலேயே செய்யுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | முதல் செலவு | மறைந்த செலவு | கியர்ப்பெட்டிக்கு | எந்த மண்ணுக்கு | சாலை |
|---|---|---|---|---|---|
| டிஃப்-லாக், முன் இயக்கம் பழுது | குறைவு முதல் நடுத்தரம் | எண்ணெய், சீல், நிற்கும் நாட்கள் | திருப்பத்துக்கு முன் லாக்கை விட்டால் பயமில்லை | எல்லாம் | தடையில்லை |
| காற்றழுத்தம், டயர் திசை | ஏறக்குறைய இல்லை | மிகக் குறைத்தால் வால்வு அறும் | பயமில்லை | எல்லாம் | சுமைக்கு ஏற்பக் கூட்ட வேண்டும் |
| டயரில் தண்ணீர் | மிகக் குறைவு | பஞ்சர் நாள் | பாரம் கூடும் | கெட்டி, அரை ஈரம் | மெதுவாக |
| இரும்பு எடை | அதிகம் | போல்ட் பொருத்தம் | பாரம் கூடும் | கெட்டி, அரை ஈரம் | கழற்றலாம் |
| ஆர்-1 புதியது | அதிகம் | நான்கு சக்கரமானால் நான்கு டயர் | சற்றுக் கூடும் | களி, கலப்பு | நன்று |
| ஆர்-2 புதியது | மிக அதிகம் | சாலைத் தேய்மானம் | கூடும் | ஆழச் சேறு | ஆகாது |
| சங்கிலி | நடுத்தரம் | மாட்டும் நேரம் | கூடும் | ஈரச் சரிவு, சேறு | ஆகாது |
| கூண்டுச் சக்கரம் | நடுத்தரம் | கொண்டுபோகும் செலவு | கூடும் | நெல் வயல் | கூடவே கூடாது |

## யாருக்கு எது?

சுங்கை பாக்காப், நிபோங் திபால் பக்கம் ஐந்து பத்து ஏக்கர் செம்பனை, டிரெய்லர், கொஞ்சம் சாலை: டிஃப்-லாக்கைச் சரிசெய்யுங்கள், காற்றைக் குறையுங்கள், ஓலையைப் பரப்புங்கள். அதோடு நிறையப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். தீராவிட்டால் தண்ணீர்; பாதி நிரப்பி வழுக்கலை அளந்து, வேண்டுமானால் மீதியை நிரப்புங்கள். டயர் அடுத்த வருடம்.

பெனாகா பக்கம் சொந்த நெல் வயல்: எடையை மறந்துவிடுங்கள். வருடத்தில் இரண்டு போகத்துக்குச் சில நாள் வேலைதான் என்றால் கூண்டுச் சக்கரம் வாங்குவதையும், வாடகை டிராக்டரை அழைப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். என் கணிப்பில், சிறிய வயலுக்கு வாடகைதான் வெல்லும். பழைய வண்டியின் சீல்களைச் சேற்றில் ஊறவைப்பது தனிச் செலவு.

பாலிக் பூலாவில் டுரியான் சரிவு: இங்கே எனக்குக் கவலையே வேறு. பிடிப்பு கூடினால் துணிச்சல் கூடும். துணிச்சல் கூடினால் இன்னும் செங்குத்தான இடத்துக்குப் போகத் தோன்றும். குறுக்குச் சரிவில் வண்டி கவிழ்வதை எந்த டயரும் தடுக்காது. சக்கர அகலத்தைக் கூட்டுங்கள், டயரில் தண்ணீர் நிரப்புங்கள் (எடை தாழ்வாக இருப்பது இங்கே நல்லது), ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் இல்லாத வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

எல்லா இடத்துக்கும் பொதுவாக ஒன்று. சேற்றில் மாட்டிக்கொண்ட வண்டியின் பின் சக்கரங்களில் மரக்கட்டையைச் சங்கிலியால் கட்டி ஏறப் பார்ப்பதை இன்னும் காண்கிறேன். கட்டை சக்கரத்தைச் சுற்றவிடாமல் செய்தால், சுற்றவேண்டிய சக்தி வண்டியின் உடலைத் தூக்கிப் பின்னால் புரட்டும். குதிக்க நேரம் இருக்காது. ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும். டிரெய்லரை ஆக்சிலுக்கு மேலான உயரத்தில் கட்டி இழுப்பதும் அதேதான். கொக்கி எப்போதும் தாழ்வாக இருக்கட்டும். மாட்டிக்கொண்டால் சுமையை இறக்கிவிட்டு, வந்த தடத்திலேயே பின்னோக்கி வாருங்கள்.

டயர் மாற்றியே தீர்வது என்று முடிவெடுத்தவர்களுக்கு, பில்லில் வராத கடைசிச் செலவு ஒன்று பாக்கியிருக்கிறது. கழற்றிய டயரைக் கொட்டகை ஓரம் சாய்த்துவைத்தால் ஒரு மழைக்குள் ஏடிஸ் கொசு குடிவந்துவிடும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதம் உங்களுக்குத்தான், டயர் கடைக்கு அல்ல. பழைய டயரை எடுத்துக்கொள்வார்களா என்று விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் நாலைந்து இடத்தில் துளை போட்டு, தண்ணீர் தேங்காதபடி வாய்க்கால் கரையில் மண்ணைத் தாங்கப் புதையுங்கள்.